மாமா இன்னும் வரல

—...அதான் சொல்றேன்ல, எனக்கு இல்ல. மாமாவுக்கு.

—எந்த மாமா?

—எங்க மாமா. அம்மாவோட தம்பி. துணிக்கடை வெச்சிருக்கார். உனக்குத் தெரியாது.

—எங்க அவரு?

—பாத்ரூம் போயிருக்கார்.

—நான் வந்து உக்காந்து எவ்வளவு நேரமாச்சு... பாத்ரூம் பக்கமிருந்து ஒரு ஆளும் வரலையே.

—மாமாவுக்கு மலச்சிக்கல்.

—மலச்சிக்கலுக்கு இங்கயா கூட்டிட்டு வருவ? கதவு மேல போர்டைப் படிச்சியா ஒட்டகம்? 'மனநல மருத்துவம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

—கத்தாத! மெதுவா பேசு.

—இங்க யாருடா இருக்கா? உள்ள டாக்டரம்மாவும் ஒரு பேஷண்ட்டும். வெளிய நாம ரெண்டு பேரு. மேல ஒரு ஃபேன், அதுவும் சுத்தலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கு.

—நம்ம கிளாஸ் பசங்க யாராவது இந்தப் பக்கம் வந்துட்டா?

—வந்தா மாமான்னு சொல்லு. அதான் தயாரா வெச்சிருக்கியே.

—நக்கலா? சரி... நீ இங்க என்ன பண்ற? உன் குரூப்புக்கு இந்த மாசம் குழந்தைங்க வார்டுதானே?

—கேஸ் எடுக்க வந்தேன். ஒரு நோயாளிகிட்ட உக்காந்து முழுசா விசாரிச்சுப் பழகணும்னு.

—இந்த மழையிலயா?

—மழை பெஞ்சா மனசு நோகாதா என்ன?

—அடேங்கப்பா. நாங்கள்லாம் இந்த வருஷப் பாடத்தையே கரை சேர்க்க முடியாம முழிச்சிட்டு இருக்கோம். நீ அடுத்த வருஷத்துக்குப் போயிட்ட. உனக்கு ஆந்தைன்னு பேர் வெச்சது வீண் போகல.

—நீதான் வெச்சியா அதை?

—வேற யாரு? கண்ணாடியும் சடையுமா, எந்நேரமும் முழிச்சிட்டு.

—உனக்கு ஒட்டகம்னு வெச்சது நான். கழுத்தைப் பார்த்து வெச்சேன்னு எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க. அதுக்கு வெக்கல.

—பின்ன எதுக்கு?

—அப்புறம் சொல்றேன். ...டேய், மாமா வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கோம்? அவரைப் பத்தி நீயே சொல்லேன். எனக்கு ஒரு கேஸ் ஆச்சு.

—மாமாவைப் பத்தி நான் எப்படி...

—கூட்டிட்டு வந்தவன் நீதானே. கூட வர்றவங்ககிட்டயும் விசாரிக்கணும், அதுவும் பாடத்துல இருக்கு.

—நோட்டு எங்க?

—மனசுல எழுதிக்கறேன்.

—...சரி கேளு. சீக்கிரம் கேளு. அவர் வந்துடுவார்.

—வரட்டும், மெதுவா வரட்டும். மாமாவுக்கு என்ன பண்ணுது?

—ஒண்ணுமில்ல. களைப்பா இருக்கார், அவ்வளவுதான்.

—தூங்கறாரா?

—தூக்கம் வரும். வராம இல்ல. கட்டில் வரைக்கும் வரும். பக்கத்துல உக்காரும். 'இன்னும் எவ்வளவு படிக்க வேண்டியிருக்கு?'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிடும்.

—துணிக்கடையில என்னடா படிப்பு?

—...கணக்கு வழக்கு இருக்காதா?

—ம். இருக்கும். படிக்க உக்காந்தா?

—எழுத்து நிக்க மாட்டேங்குது. எறும்பு மாதிரி வரிசையா பக்கத்தோட ஓரத்துக்குப் போகுது. விரலை வெச்சுத் தடுத்தா விரல் மேல ஏறிப் போகுது... அதை வேடிக்கை பார்த்துட்டு உக்காந்திருந்தா விடிஞ்சுடுது.

—மாமாவுக்கு.

—ஆமா, மாமாவுக்கு.

—சாப்பாடு?

—அது ஒரு வேடிக்கை. அம்மா போன் பண்ணுவாங்க. அவங்க ஹலோ சொல்றதுக்கு முன்னாடியே 'சாப்பிட்டேம்மா'ன்னு சொல்லிடறது.

—மாமாவோட அம்மாவா?

—...எல்லா அம்மாவும் அதைத்தானே கேக்கறாங்க?

—சரி சரி. சாப்பிட்டாரா, இல்லையா?

—தட்டு முன்னாடி உக்காருவார். பக்கத்துல இருக்கறவன் ஏதாவது சொல்வான், இவர் ஒண்ணு திருப்பிச் சொல்வார், மேசையே சிரிக்கும். சிரிச்சு முடிச்சுப் பார்த்தா எல்லார் தட்டும் காலி. இவர் தட்டு மட்டும் அப்படியே. யாரும் கவனிக்க மாட்டாங்க... சிரிக்க வெக்கறவன் தட்டை யாரு பார்ப்பா?

—ம்.

—என்ன 'ம்'?

—ஒண்ணுமில்ல. மனசுல எழுதிக்கிட்டேன். மாமா ஜோக்கெல்லாம் அடிப்பாரா?

—நல்லாவே அடிப்பார். கடையில அவர் இல்லாத நாள் வெறிச்சோடிப் போயிடும்னு சொல்வாங்க.

—அவருக்கு அது பிடிக்குமா?

—இதெல்லாமா கேப்பாங்க? இது எந்தப் புத்தகத்துல இருக்கு?

—நான் கேக்கறேன்.

—...முன்னாடி பிடிச்சுது. இப்ப வேலை மாதிரி ஆயிடுச்சு. முகத்தை மாட்டிட்டுப் போகணும். ராத்திரி கழட்டி வெச்சா கன்னம் வலிக்குது.

—மழை வலுக்குது பாரு. உள்ள தள்ளி வா, சாரல் அடிக்குது.

—நல்லாத்தான் இருக்கு. இந்த மழையில வராந்தாவே மெதுவா நகர்ற மாதிரி இல்ல? ரயில் மாதிரி. வெளிய செடியெல்லாம் பின்னாடி போகுது...

—எங்க போகுது இந்த ரயில்?

—தெரியல. எங்கயும் நிக்காம போனா நல்லாருக்கும். டிக்கெட் கேக்க வர்றவர்கூட வரக்கூடாது.

—கண்ணை மூடிக்கோ, வேணும்னா.

—மூடினா வந்துடும்.

—என்ன வரும்?

—ஒண்ணுமில்ல. நீ கேளு, அடுத்த கேள்வியக் கேளு.

—மாமா தனியா இருக்கும்போது யார்கூடயாவது பேசுவாரா?

—ஹ... இதை எப்படிக் கேட்ட?

—கேக்கறது வழக்கம். சொல்லு.

—கோட்டுகூடப் பேசுவார்.

—கோட்டா? துணிக்கடைக்கா?

—கடையில... வெள்ளைக் கோட்டு போடுவாங்க. யூனிஃபார்ம். அவரோட அப்பா தைச்சுக் கொடுத்தது.

—தையல்காரர் உங்க அப்பாதானேடா?

—ரெண்டு பேருமே தையல்காரங்க! வம்சமே தையல். போதுமா?

—போதும் போதும், கோவிச்சுக்காத. அந்தக் கோட்டு?

—பெருசா தைச்சுட்டார். 'வேலையில சேர்ந்தா உடம்பு போடுவ, அப்ப சரியா இருக்கும்'னு. பாக்கெட்டுக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கார், கருவியெல்லாம் கனமா இருக்கும், கிழிஞ்சுடக் கூடாதுன்னு. கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கும். லைட்டை அணைச்சா அது ஒரு ஆளு. தோள்லாம் எடுப்பா, அசையாம நிக்கும். மாமாவுக்கு அந்தத் தோள் கிடையாது. அவர் படுத்துட்டே கேப்பார், 'நாளைக்கு நீயே போயிட்டு வந்துடேன்... உன்னைத்தான எல்லாரும் எதிர்பார்க்கறாங்க'ன்னு.

—அது என்ன சொல்லும்?

—ஒண்ணும் சொல்லாது. கோட்டு எங்கயாவது பேசுமா? மாமா ஒண்ணும் பைத்தியம் இல்ல.

—நான் அந்த வார்த்தையச் சொல்லலையே.

—நீ சொல்லல... ஊரு சொல்லும்.

—ஊரு இங்க இல்லடா. மழையில மாட்டிக்கிச்சு. ...டேய், ஒண்ணு கேக்கவா? போன வாரம் மெஸ்ஸுல குண்டுப்பையன் மேல பாஞ்சியே. அவன் பாவம், சும்மா உக்காந்து விரலை நெட்டி முறிச்சான்.

—அதுக்கும் மாமாவுக்கும் என்ன சம்பந்தம்?

—சம்பந்தம் இருக்குன்னு நான் சொன்னேனா? நீ அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்ல. தட்டைத் தள்ளிட்டு வெளிய போயிட்ட. அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

—தெரியும். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஜோக்கடிச்சுக் கேட்டேன்.

—நெட்டி முறிச்சா என்னடா ஆகுது?

—எனக்கு ஒண்ணும் ஆகல. மாமாவுக்கு... மாமாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

—எப்பலேருந்து?

—வேண்டாம் ஆந்தை.

—சரி, வேண்டாம்.

—நீ கேக்காம விட்டா எப்படி? கேஸ் பாதியில நிக்குமே.

—நிக்கட்டும். நான் எங்கயும் போகல.

—...கடையில ஒருத்தர் இருந்தார். ஜன்னலோரமா படுத்திருப்பார்.

—துணிக்கடையிலயா? படுத்திருப்பாரா?

—குறுக்க பேசாத!

—பேசல. சொல்லு.

—பஸ் ஓட்டறவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற பஸ். நெஞ்சு வலின்னு வந்து சேர்ந்தார். பெரிய டாக்டருங்க வந்தா வாயே திறக்க மாட்டார். மாமா போனா மட்டும், 'வாங்க தம்பி டாக்டர்'னு எழுந்து உக்காருவார். 'தம்பி டாக்டர், பரீட்சை எப்ப? தம்பி டாக்டர், முகம் வாடியிருக்கே'ன்னு... யாரு நோயாளி, யாரு வைத்தியம் பார்க்கறதுன்னே தெரியாது.

—ம்.

—ஒருநாள் ஸ்டெதஸ்கோப்பை அவர் காதுல மாட்டி, அவர் நெஞ்சையே அவரைக் கேக்க வெச்சேன். அப்படியே கண்ணை மூடிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. 'தம்பி டாக்டர், உள்ள குதிரை ஓடுது'ன்னார்.

—அழகா இருக்கு.

—பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் கேட்டு வாங்கி அவங்கவங்க குதிரையக் கேட்டாங்க. அன்னைக்கு வார்டே திருவிழா... அன்னைக்குத்தான் தோணிச்சு, இந்தப் படிப்பு நமக்கு வரும்னு.

—அப்புறம்?

—ஒருநாள் காலையில நான் வார்டுக்குள்ள நுழையறேன், அவர் என்னைப் பார்த்துக் கையத் தூக்கறார். வணக்கம் சொல்றார்னு நானும் தூக்கினேன். வணக்கம் இல்ல அது. அப்படியே சாஞ்சுட்டார். பெரிய டாக்டர் ஓடி வந்தார். 'உன் கை நீளமா இருக்கு, நீ ஏறி நெஞ்சை அமுக்கு'ன்னார். ஏறினேன். பொம்மை மேலதான் பழகியிருக்கோம், உயிரோட ஒருத்தர் மேல முதல் தடவை. அமுக்கினேன். என் கைக்குக் கீழ... மாமாவோட கைக்குக் கீழ... 

—யாரோட கையா இருந்தா என்னடா. சொல்லு.

—எலும்பு விட்டுச்சு. நெட்டி முறிக்கற மாதிரியே. ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு.

—விலா எலும்பு. சரியா அமுக்கினா அது விடும்டா. நீ சரியாப் பண்ணியிருக்க.

—தெரியும். பரீட்சையில எழுதினா மார்க் கொடுப்பாங்க. தூக்கம் கொடுக்க மாட்டாங்க.

—...ஆமா. கொடுக்க மாட்டாங்க.

—எவ்வளவு நேரம்னு தெரியல. பெரிய டாக்டர் 'போதும்'னார். என் காதுல விழுது, கை நிக்க மாட்டேங்குது. அவரே வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சு எடுத்து ஓரமா வெச்சார், ஏதோ சாமானை எடுத்து வெக்கற மாதிரி. 'அடுத்த கட்டிலைப் பாரு'ன்னுட்டுப் போயிட்டார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல... அடுத்த கட்டில் இருந்துச்சே.

—நீ என்ன பண்ண?

—கை கழுவினேன். வெளிய வந்தேன். வாசல்ல அவர் வீட்டுக்கார அம்மா நின்னாங்க, கையில ஃபிளாஸ்க். ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துடுச்சு. 'தம்பி டாக்டர், பால் சூடா இருக்கு. இப்பக் கொடுக்கலாமா?'ன்னாங்க.

—ஐயோ...

—'கொஞ்சம் ஆறட்டும்மா'ன்னேன். அதுதான் நான் சொன்னது. அவங்க தலையாட்டிட்டு, மூடியில ஊத்தி ஊதி ஊதி ஆத்த ஆரம்பிச்சாங்க. நான் அந்தப் பக்க வழியா இறங்கிப் போயிட்டேன். நேரா மெஸ்ஸு. ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் இருந்த.

—இருந்தேன். அந்த ஜோக்கு எனக்கு ஞாபகம் இல்ல. உன் கை ஞாபகம் இருக்கு. தண்ணி டம்ளரைப் பிடிக்க முடியாம ரெண்டு கையாலயும் பிடிச்ச.

—பார்த்தியா நீ?

—பார்த்தேன். என்ன கேக்கறதுன்னு தெரியல. அதான் கேக்கல.

—இப்ப யார் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வெச்சாலும் குதிரைச் சத்தம்தான். ஆனா கிட்ட வராது. தூரமா, இன்னும் தூரமாப் போயிட்டே இருக்கும். கொஞ்சம் புழுதி மட்டும் தெரியும். நான் அது பின்னாடியே போவேன்... நோயாளி 'என்ன டாக்டர், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க'ம்பார். திடுக்குன்னு வார்டுக்கு வருவேன்.

—அழணும்னா அழுடா.

—வரல. அதுதான் வரல. கொட்டாவி விட்டா மட்டும் கண்ணுல தண்ணி வருது.

—சரி. வரும்போது வரட்டும்.

—மாமா கதை இதுதான். எழுதிக்கிட்டியா?

—எழுதிக்கிட்டேன். இன்னும் ஒரு கேள்வி பாக்கி. கேக்கவா?

—கேளு.

—கோவிச்சுக்கக் கூடாது. நேராக் கேப்பேன்.

—கேளேன்.

—செத்துப்போயிட்டாத் தேவலன்னு மாமாவுக்குத் தோணுதா?

—...

—அவசரமில்ல. மழை இப்போதைக்கு நிக்காது.

—சாகணும்னு இல்ல. அப்படி இல்ல. தூங்கினா... எழுப்பாம விட்டா நல்லாருக்கும்னு தோணும். எங்கயாவது ஒரு ஊரு இருக்கணும். அங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் வராது. நாம போய் இறங்கினா, 'நீங்க யாரு?'ம்பாங்க. 'டாக்டருக்குப் படிக்கறோம்'னா, 'டாக்டரா, அப்படின்னா என்ன?'ம்பாங்க. கதவுக்கெல்லாம் மணி கிடையாது. யாரும் யாரையும் ஓடி வரச்சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. சாயங்காலம் ஆனா மெதுவா இருட்டும்...

—நல்ல ஊரு.

—ரொம்ப நல்ல ஊரு. சில நாள் அதோட வெளிச்சம்கூடத் தெரியும்.

—அந்த ஊருக்குக் கிளம்பணும்னு மாமா மூட்டை கட்டி வெச்சிருக்காரா? ஒட்டகம், நிஜமாக் கேக்கறேன். எப்படிப் போறது, எப்பப் போறதுன்னு யோசிச்சு வெச்சிருக்காரா?

—இல்ல. மூட்டை கட்டல. வழிகூட யாரையும் கேக்கல. சத்தியமா. நினைப்பு மட்டும்தான் வருது, போகுது. போன வாரத்துலேருந்து அடிக்கடி வருது... அதான் பயமா இருக்கு.

—பயமா இருக்குன்னு சொன்ன பாரு, அது நல்லது. வழி கேக்கணும்னு தோணுச்சுன்னா, எந்த நேரமா இருந்தாலும் முதல்ல என்கிட்ட வரணும். கதவைத் தட்டு, போன் பண்ணு, கல்லை விட்டு எறி. நான் வர்றேன். சரியா?

—மாமாகிட்ட சொல்றேன்.

—மாமாகிட்ட சொல்ல வேண்டாம். நீ சரின்னு சொல்லு.

—...சரி.

—நல்லா சொல்லு.

—சரி ஆந்தை. சத்தியம். ...நீ இந்தக் கேள்விய இவ்வளவு மெதுவா கேக்க எங்க கத்துக்கிட்ட? நானும்தான் படிச்சேன். நான் கேட்டா போலீஸ்காரன் கேக்கற மாதிரி இருக்கும்.

—பழக்கம்தான். ...இரு, சிஸ்டர் வர்றாங்க.

—அடுத்து யாருப்பா... ஓ, நீயா கண்ணு! மழையில நனைஞ்சுட்டா வந்த? உள்ள இருக்கறவர் இப்ப வந்துடுவார், அப்புறம்—

—சிஸ்டர், இன்னைக்கு இவன்.

—இவனா? டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?

—போன வாரமே சொல்லியிருக்கேன் சிஸ்டர்.

—சரி கண்ணு. கொஞ்சம் இருங்க, கூப்பிடறேன். தம்பி, அந்த ஓரம் ஒழுகும், தள்ளி உக்காருங்க.

—...ஏய். சிஸ்டருக்கு உன்னை எப்படித் தெரியும்?

—அவங்களுக்கு எல்லாரும் கண்ணுதான்.

—'இன்னைக்கு இவன்'னா என்ன அர்த்தம்? நான் சீட்டே போடல. மாமாவுக்குத்தான்... மாமா இன்னும் வரல.

—மாமா வரமாட்டார்டா. விட்டுடு. பாவம், அவரை எவ்வளவு நேரம் பாத்ரூம்லயே உக்கார வெச்சிருப்ப?

—ஹ... ஹஹ... 

—சிரி. கன்னம் வலிக்காம சிரி.

—உனக்கு எப்பலேருந்து தெரியும்?

—மலச்சிக்கல்னு சொன்ன பாரு, அப்பலேருந்து.

—நான் உள்ள போகல ஆந்தை. எழுந்திரு, டீ குடிக்கப் போலாம். இவ்வளவு பேசினேன்ல, இப்பத் தேவலாம்போல இருக்கு. நிஜமா.

—நான் கேட்டுக்கத்தான்டா முடியும். வைத்தியம் பண்ண எனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும்.

—நாளைக்கு நானும் ஒரு டாக்டர்னு உக்காந்தா, யாரு வருவா? 'இவரே அங்க போய் உக்காந்திருந்தவராமே'ன்னு சொல்ல மாட்டாங்க?

—கண் டாக்டர் கண்ணாடி போட்டிருந்தா நீ எழுந்து வந்துடுவியா?

—அது வேற.

—என்ன வேற?

—கண்ணாடி போட்டா வீட்டுல அழ மாட்டாங்க. எங்க அப்பா கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் 'பையனுக்குத்தான் கோட்டு தைக்கறேன்'னு காட்டிக் காட்டித் தைச்சார். அவர்கிட்ட என்னன்னு சொல்றது?

—இன்னைக்கே சொல்லணும்னு யாரு சொன்னா? ஆனா ஒண்ணு. கோட்டு பெருசா இருந்தா உங்க அப்பா என்ன பண்ணுவார்? உன்னைத் திட்டுவாரா, கோட்டைப் பிரிச்சுத் தைப்பாரா?

—...பிரிச்சுத் தைப்பார். ஒரு வார்த்தை பேசாம உக்காந்து பிரிப்பார். பல்லுல நூலைக் கடிச்சுட்டு.

—அப்புறம் என்ன?

—அந்த அம்மாவைத் தேடிப் போகணும்னு இருக்கு ஆந்தை. பஸ்காரர் வீட்டுக்கு. போய் என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா போகணும்.

—போலாம். நானும் வர்றேன். இன்னைக்கு இல்ல. மூணு வேளை சாப்பிட்டு, ரெண்டு ராத்திரி தூங்கின ஒரு ஒட்டகமா ஆனதுக்கப்புறம்.

—ஒட்டகம்னு ஏன் பேர் வெச்சன்னு சொல்லவே இல்லையே.

—எவ்வளவு ஏத்தினாலும் தூக்கிட்டு நடக்கறன்னு வெச்சேன். இப்ப நினைச்சா, பேரை மாத்தணும்போல இருக்கு.

—தம்பி, வரலாம். டாக்டரம்மா கூப்பிடறாங்க.

—ஆந்தை... உள்ள என்ன பண்ணுவாங்க?

—ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உக்காரச் சொல்வாங்க. தண்ணி வேணுமான்னு கேப்பாங்க. நீ பேசற வரைக்கும் காத்திருப்பாங்க. நீ ஜோக்கடிச்சா சிரிப்பாங்க, ஆனா சிரிச்சதுக்கப்புறமும் உன்னையே பார்த்துட்டு இருப்பாங்க. தூக்கத்துக்கு ஏதாவது கொடுப்பாங்க. அடுத்த வாரமும் வரச்சொல்வாங்க. அவ்வளவுதான்.

—மாமாவைப் பத்திக் கேட்டா?

—ஊருக்குப் போயிட்டார்னு சொல்லு.

—நீ கூட வா.

—கதவு வரைக்கும். எழுந்திரு. ...ம், வா. நட.

—கால் வர மாட்டேங்குது. ...போன வாரமும் இப்படித்தான். இதோ இந்த இடம் வரைக்கும் வந்தேன். கைப்பிடியைக்கூடத் தொட்டேன். அப்புறம்...

—தெரியும். ரொம்ப நேரம் நின்ன. அப்புறம் திரும்பிப் போயிட்ட.

—சும்மா அளக்காத. வராந்தாவுல ஈ காக்கா இல்ல, நல்லாப் பார்த்துட்டுத்தான் வந்தேன். நீ எங்க இருந்த?

—உள்ள இருந்தேன்டா. டாக்டரம்மாவுக்கு எதிர்ல இருக்கற நாற்காலியில உக்காந்தா, கதவுக்கு அடியில விரல்கடை அளவு வெளிச்சம் தெரியும். அதுல ரெண்டு ஷூ வந்து நின்னுச்சு, கப்பல் மாதிரி. நம்ம காலேஜுல அந்த சைஸ் ஒருத்தனுக்குத்தான். பேசிட்டு இருந்தவ நிறுத்திட்டேன்... வந்துடுவான், இப்ப வந்துடுவான்னு பார்த்துட்டே இருந்தேன். போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலைன்னு எல்லாரும் பழம் வாங்கிட்டு வந்தீங்களே... மஞ்சளும் இல்ல, காமாலையும் இல்லடா. அப்பலேருந்து வாரா வாரம் இது என்னோட நேரம். இன்னைக்கு உனக்கு. கதவைத் திற.